நனையாத மண்: வீட்டுப் பூனையின் ஆபத்துக் காலங்கள் பற்றி ஓர் ஆராய்வு

கால்நடை என்ற சொல்லை ஆக்கியவர்களின் மனக்கண்முன் நின்றவை ஏரிழுக்கும் எருதும், பால் சொரியும் பசுவும், மேய்ச்சலுக்குப் போய் மாலையில் பட்டிக்குத் திரும்பும் ஆடுமே அல்லாமல், அடுக்களை வாசலில் வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் பூனை அன்று. சர்க்கார் மருந்தகங்களின் பெயர்ப்பலகையில் இன்றும் அந்தச் சொல்லே இருக்கிறது. பூனைக்கும் கால்கள் நான்கே எனினும், அதைத் துணிப்பையில் இட்டுக்கொண்டு அந்தப் பலகையின்கீழ் நுழைகிறவர், சினைப் பரிசோதனைக்கு வந்த பசுக்களின் வரிசையில் சற்றுக் கூச்சத்தோடுதான் நிற்க வேண்டியிருக்கிறது. இந்தக் கூச்சத்துக்குச் சரித்திரக் காரணம் உண்டு. மிருக வைத்தியம் சாஸ்திரமாக வளர்ந்ததெல்லாம் அரசுக்கும் உழவுக்கும் வேண்டிய பிராணிகளை முன்னிட்டே. யானைக்குப் பாலகாப்பியர் பெயரால் வழங்கும் நூலும், குதிரைக்குச் சாலிஹோத்திரர் பெயரால் வழங்கும் நூலும் வடமொழியில் உண்டு. தமிழில் மாட்டு வாகடங்கள் உண்டு. பூனைக்கென்று ஒரு வாகடம் இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. ஐரோப்பாவிலும், 1761-இல் பிரான்சு தேசத்து லியோன் நகரில் முதல் மிருக வைத்தியப் பள்ளி ஏற்படத் தூண்டுதலாக இருந்தது மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்ற வெக்கை நோய்தான். அந்நோய் உலகத்தைவிட்டே ஒழிந்தது என்று 2011-இல் அறிவிக்க முடிந்தது, அங்கே தொடங்கிய பரம்பரையின் பெரிய வெற்றி. சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கி, 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டம் வழங்கத் தலைப்பட்ட கல்லூரியும் நாட்டின் கால்நடைச் செல்வத்தைக் காப்பதற்கென்றே எழுந்தது. பூனை இந்தச் செல்வக் கணக்கில் ஏறவில்லை.

இலக்கியக் கணக்கில் ஏறியதோ என்றால், ஏறியது. ஆனால் உவமையாக ஏறியதே தவிர நோயாளியாக ஏறவில்லை. காரைக்குடியில் ஆண்டுதோறும் நிகழும் கம்பன் திருநாளில் அவையடக்கம் பேசப்படும்போதெல்லாம், பாற்கடலை நக்கிக் குடித்துவிடக் கருதிக் கரையில் வந்து நிற்கும் அந்தப் பூனையை நாம் புன்முறுவலோடு நினைத்துக்கொள்கிறோம். தென்கலையார் சரணாகதியை விளக்க எடுத்துக்கொண்ட மார்ஜார நியாயத்தில் தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு நடக்கிறது. மாமல்லபுரத்துப் பாறையில் எலிகள் சூழ ஒரு பூனை கையுயர்த்தித் தவம் செய்கிறது. அதன் தவம் வஞ்சகம் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். வீட்டு மூலையில் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, முதுகை வளைத்து, நான்கு கால்களையும் உடம்புக்கடியில் ஒடுக்கிக்கொண்டு ஒரு பகல் முழுவதும் அசையாமல் இருக்கும் பூனையைக் கண்டாலும் "தவம் இருக்கிறது" என்றே வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். அந்தத் தவம் பெரும்பாலும் வலி என்பதை அறிய எனக்கு ஒரு பூனையைப் பறிகொடுக்க வேண்டியிருந்தது.

செட்டிநாட்டுக் கண்டரமாணிக்கத்தில் எங்களுடைய வீட்டைப் போன்ற வீடுகளில், முகப்பிலிருந்து வளவுக்கும், வளவிலிருந்து இரண்டாங்கட்டுக்கும், அங்கிருந்து கொல்லைக்கும் நடப்பதே ஒரு சிறு யாத்திரை. நெல்லும் பருப்பும் புளியும் ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கப்பட்ட காலத்தில் பூனை அங்கே செல்லப்பிராணி அன்று. சம்பளம் வாங்காத உத்தியோகஸ்தன். கடல் கடந்து வணிகம் செய்ய, எங்கள் பேச்சில் சொன்னால் கொண்டுவிக்க, போனவர்கள் இரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் திரும்பி வந்து, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய், அறைகளில் முக்காலும் பூட்டப்பட்ட பின்பு, உத்தியோகம் போன பூனை உறவாகிவிட்டது. நாற்பது அறை வீட்டில் தனியாக இருக்கும் ஓர் ஆச்சிக்கு நாள் முழுவதும் பேச்சுத்துணை பெரும்பாலும் அதுதான். ஆகவே, ஊரில் கால்நடை மருத்துவம் எருமையைக் கருதி நடக்க, பூனைக்கு ஆபத்து என்றால் திருப்பத்தூருக்கோ காரைக்குடிக்கோ ஆட்டோ பிடிக்க வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு, எது ஆபத்து, அதை எப்படிக் கண்டுகொள்வது, வைத்தியரிடம் சேரும் வரையில் என்ன செய்யலாம், முக்கியமாக என்ன செய்யலாகாது என்று விசாரிப்பது வீண் வேலை ஆகாது.

இந்த விசாரணையில் முதல் இடையூறு பூனையின் சுபாவமே. எலிக்கு யமனாகிய பூனை, நாய்க்கும் கழுகுக்கும் இரையாகக்கூடிய சிறு பிராணியும் ஆகும். தன் பலவீனத்தை வெளிக்காட்டுகிற சிறு பிராணி காட்டில் நெடுநாள் பிழைப்பதில்லை. நாய் நொண்டிக்கொண்டு எஜமானனிடம் வந்து முனகும். பூனை கட்டிலுக்கடியில் போய் மறைந்துகொள்ளும். சந்தோஷத்துக்கு அடையாளம் என்று நாம் நம்பும் அந்தக் குறுகுறுப்பொலியைக்கூடப் பூனை மரண வேதனையிலும் எழுப்புவதுண்டு. கனடா தேசத்து மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தார் 2019-இல் பூனையின் முகத்தையே ஓர் அளவுகோலாக்கி வெளியிட்டார்கள்: காதுகள் வெளிப்புறமாகத் திரும்பிச் சரிந்திருத்தல், கண்கள் இடுங்குதல், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி இறுகுதல், மீசை மயிர் விறைத்தல், தலை தோளுக்குக் கீழே தாழ்தல் என்ற ஐந்து லக்ஷணங்களுக்கும் பூஜ்யம் முதல் இரண்டு வரை மதிப்பெண் இட்டு, மொத்தம் பத்தில் நான்குக்கு எட்டினால் வலிக்கு மருந்து வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு எளியது, ஆனால் சுகமாக இருக்கும் நாளில் அந்த முகம் எப்படி இருந்தது என்று அறியாதவனுக்கு அது உதவாது.

சுக நாளில் அறிந்துவைக்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. பூனை தூங்கும்போது அதன் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணினால் பதினைந்திலிருந்து முப்பதுக்குள் இருக்கும். ஓய்வில் நாற்பதைத் தாண்டினால் அது வைத்தியரிடம் சொல்ல வேண்டிய விஷயம். உதட்டை மெல்ல உயர்த்திப் பார்த்தால் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்கும். வெளுப்பு இரத்தக் குறைவையும் அதிர்ச்சியையும், நீலம் மூச்சுத் திணறலையும், மஞ்சள் ஈரல் கேட்டையும் இரத்தச் சிதைவையும், சாக்லேட் நிறம் சில விஷங்களையும் காட்டும். உடம்புச் சூடு ஏறக்குறைய 100.5-லிருந்து 102.5 பாரன்ஹீட் வரை. மற்றப் பிராணிகளுக்கு அதிர்ச்சியில் இருதயம் படபடக்கும். பூனைக்கோ பல சமயங்களில் இருதயம் மெதுவாகி உடம்பே குளிர்ந்துவிடும் என்பதால், "சாந்தமாகப் படுத்திருக்கிறது" என்று நினைத்து ஏமாறுவது மிக எளிது.

இனி அந்தப் பறிகொடுத்த கதை. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு சாம்பல் நிறக் கடுவன் இருந்தது. ஒருநாள் அது கொல்லையில் மணல் குவித்திருந்த இடத்துக்குப் போய்க் குந்திக் குந்தி எழுந்து வந்தது, முக்கியது, அடிவயிற்றை நக்கிக்கொண்டது. மலக்கட்டு என்று பெரியவர்கள் ஒருமுகமாகத் தீர்மானித்து விளக்கெண்ணெய் புகட்டினார்கள். மறுநாள் வாந்தி எடுத்தது. அதற்கும் விளக்கெண்ணெயையே காரணம் காட்டி, "பேதி ஆனால் சரியாகிவிடும்" என்றார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் இரண்டாங்கட்டுத் தூணடியில் விறைத்துக் கிடந்தது. ஏறக்குறையப் பத்து ஆண்டுகளுக்குப் பின், வேறொரு கடுவன் அதே மணலில் அதே போலக் குந்திக்கொண்டிருக்க, என் அப்பத்தா ஒரு குச்சியால் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்: "ராசா, இங்க வந்து பாரு. நாலு தரம் மண்ணுக்குப் போயிட்டு வந்திருச்சு, மண்ணு நனையவே இல்லையே." அன்று சாயங்காலத்துக்குள் அது காரைக்குடியில் ஒரு வைத்தியரின் மேஜைமேல் இருந்தது, பிழைத்தது.

நனையாத மண்ணுக்குள் இருந்த சாஸ்திரம் இது. கடுவனுடைய மூத்திரத் தாரை நுனியை நோக்கிப் போகப் போக மிகக் குறுகலாவதால், சளி போன்ற பொருளும் நுண்ணிய உப்புப் படிகங்களும் திரண்ட ஒரு சிறு அடைப்பே வழியை முழுவதும் மூடிவிடும். பெட்டைக்கு வழி அகலமும் குட்டையும் ஆதலால் இது அரிது. மூத்திரம் தேங்கத் தேங்கப் பை எலுமிச்சங்காய் போலவும், பிறகு ஆரஞ்சுப் பழம் போலவும் இறுகும்; சிறுநீரகங்கள் செயலற்று, வெளியேற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி, இருதயத்தை மெதுவாக்கி நிறுத்திவிடும். முழு அடைப்பு ஏற்பட்ட பிறகு உள்ள அவகாசம் ஒன்றிரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. வைத்தியர் மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாயைச் செலுத்தி, உப்புநீரால் அடைப்பைக் கரைத்துக் கழுவி, சில நாள் குழாயோடே வைத்து, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவார். வீட்டில் வயிற்றைப் பிசைந்து மூத்திரம் வரவழைக்க முயன்றால் பை கிழிந்துபோகும். விளக்கெண்ணெயால் அந்த வாசல் திறக்காது. ஒருமுறை அடைத்த கடுவனுக்கு மறுபடியும் அடைப்பதுண்டு என்பதால், தண்ணீர்க் கிண்ணத்தை வீட்டில் நாலைந்து இடங்களில் வைப்பதும், உலர்ந்த தீனியை மட்டும் நம்பாதிருப்பதும், வீட்டுக்குள் புதிய பூனை, கல்யாணச் சந்தடி போன்ற கலக்கங்களைக் குறைப்பதும் பயன் தரும். கடுவன் மண்ணுக்கு அடிக்கடி போனால் மண்ணைப் பார்க்க வேண்டும் என்ற அப்பத்தாவின் விதியைவிடச் சிறந்த பரிசோதனையை நான் எந்த நூலிலும் காணவில்லை.

மூச்சைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. வேட்டைநாயைப்போல வாயைத் திறந்து மூச்சு வாங்குவது பூனைக்கு இயல்பு அன்று. முழங்கைகளை விரித்து, கழுத்தை நீட்டி, வாய் திறந்து மூச்சு விடும் பூனையை மடியில் எடுத்துக் கொஞ்சுவதும் வாயில் தண்ணீர் விடுவதும் அதைக் கொல்லும். காற்றுப் புகும் கூடையில் அமர்த்தி உடனே புறப்படுவது ஒன்றே வழி. இருதயத் தசை தடிக்கும் நோயுள்ள பூனைக்கு மற்றொரு கொடுமை நேர்வதுண்டு. இரத்தக் கட்டி ஒன்று பெருநாடியின் கவட்டில் போய்ச் சிக்கிக்கொள்ள, பூனை திடீரென்று வீரிட்டுக் கத்திவிட்டுப் பின்னங்கால்கள் இரண்டையும் இழுத்துக்கொண்டு தவழும். பார்த்தவர்கள் பாம்பு தீண்டியது என்பார்கள், எவனோ கல்லால் அடித்தான் என்பார்கள். அந்தக் கால்களைத் தொட்டால் குளிர்ந்திருக்கும். பாதத்தின் மெத்தை வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கும். எண்ணெய் தேய்த்து நீவுவதும் ஒத்தடம் கொடுப்பதும் வேதனையைப் பெருக்குமே அன்றி வேறொன்றும் செய்யா. இதில் பிழைப்பவை குறைவு. ஆயினும் வலிக்கு மருந்து கொடுப்பது பிழைப்பதற்கு மட்டும் உரியதன்று.

அன்பினால் நேரும் மரணங்களுக்கு இப்போது வருகிறேன். இவைதாம் என்னை அதிகம் வருத்துபவை. பூனைக்கு உடம்பு சுடுகிறது என்று கண்ட ஒரு நல்ல மனம், தன் தலைவலி மாத்திரையில் ஒன்றைப் பொடித்துப் பாலில் கலக்கி வைக்கிறது. மனிதனுடைய ஈரல் பாரசிட்டமால் என்னும் அம்மருந்தைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றும். அப்படிப் பிணைக்கும் நொதி பூனையின் ஈரலில் அநேகமாக இல்லை. கிலோ ஒன்றுக்கு 10 மில்லிகிராமிலேயே கெடுதி தொடங்கக்கூடிய பிராணிக்கு, நாலு கிலோ எடையுள்ள உடம்பில் ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை கிலோவுக்கு 125 ஆகிறது. சில மணி நேரத்தில் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து, ஈறு சாக்லேட் நிறமாகி, முகமும் பாதங்களும் வீங்கும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு. ஆனால் அது பலிப்பது நேரத்தைப் பொறுத்தது. மாத்திரை கொடுத்ததை வைத்தியரிடம் வெட்கப்பட்டு மறைக்கிறவர் அந்த நேரத்தைத் திருடிவிடுகிறார்.

நம் சமையலும் இந்த விஷயத்தில் குற்றமற்றது அன்று. செட்டிநாட்டுக் குழம்பின் பெருமை சின்ன வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது. பூனையின் சிவப்பணுக்களுக்கு அவ்விரண்டும் பகை. கிலோவுக்கு ஏறத்தாழ 5 கிராம் வெங்காயமே இரத்தத்தில் மாறுதலை உண்டாக்கப் போதும் என்கிறார்கள். வதக்கினாலும் வேகவைத்தாலும் அந்தத் தோஷம் போவதில்லை. எனவே, கோழிக்குழம்பு சோற்றை நாள்தோறும் பிசைந்து வைக்கும் வீட்டில் பூனை மெல்ல மெல்ல வெளுத்துச் சோர்ந்து போனால், திருஷ்டி கழிப்பதற்கு முன் குழம்பை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை முன்பு தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைத்து மெருகேற்றினார்கள். இப்போது பல வீடுகளில் பினாயில் ஊற்றிக் கழுவுகிறார்கள். ஈரம் காயாத தரையில் நடந்த பூனை தன் பாதத்தை நக்கியே சுத்தம் செய்யும் பிராணி ஆதலால், தரையில் கொட்டியது அதன் வயிற்றுக்குப் போகிறது. தும்முகிறது என்று மூக்கில் தடவும் தைலமும் கற்பூரமும் அவ்வாறே. நாய்க்கு உண்ணி போக முதுகில் சொட்டும் மருந்துகளில் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் கொண்டுவரும்; அது பட்டுவிட்டால், பாத்திரம் கழுவும் மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவிவிட்டுப் புறப்படலாம்.

எலி மருந்து தனிக் கதை. பூனை இருக்கும் வீட்டிலேயே எலி மருந்தும் வைப்பது, காவல்காரனை நியமித்துவிட்டு வாசலில் குழி தோண்டுவதற்கு ஒப்பாகும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை மருந்தைத் தின்றால் முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றும் தெரியாது. பிறகு மூக்கிலும் ஈறிலும் மார்புக்குள்ளும் கசியும். அதற்கு வைட்டமின் கே1 பல வாரம் கொடுக்க வேண்டும். சிங்க் பாஸ்பைடு என்னும் கறுப்புப் பொடியோ வயிற்றில் நச்சு வாயுவாக மாறும். அந்தப் பூனை வாந்தி எடுக்கும் அறையில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் குனிந்து முகர்ந்து பார்க்கக்கூடாது. விஷம் எதுவானாலும் உப்புத் தண்ணீரும் சோப்புத் தண்ணீரும் புகட்டி வாந்தி எடுக்கவைக்கும் பழைய வழக்கம் பூனைக்கு ஆகாது. உப்பே இரண்டாவது விஷமாகும், மயங்கிய பூனைக்குப் புகட்டிய திரவம் நுரையீரலுக்குள் போகும். பால் விஷத்தை முறிக்கும் என்பது நம்பிக்கை மாத்திரமே. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைத் தின்றிருந்தால், கொழுப்புள்ள எதுவும் விஷத்தை விரைவாக உடம்பில் ஏற்றிவிடும். தின்றதன் காகித உறையையோ டப்பாவையோ கையோடு எடுத்துச் செல்வது எந்தக் கஷாயத்தையும்விட மேலானது.

நூலைப் பற்றி ஒரு வார்த்தை. பூத்தொடுக்கும் நூலும், தையல் நூலும், ஊசியோடு விழுங்கிய நூலும் பூனையின் நாக்கினடியில் சிக்கி, மறு நுனி குடலில் ஓடி, குடலைச் சுருக்குப்பைபோல் மடித்துவிடும். வாயிலோ ஆசன வாயிலிலோ நுனி தெரிந்தால் இழுக்கக்கூடாது; இழுத்தால் குடல் அறுபடும்.

மேல்மாடியிலிருந்து விழுந்த பூனை நாலு காலில் நின்றுவிடும் என்பதைக் குழந்தையும் சொல்லும். நியூயார்க்கில் உயர்ந்த கட்டிடங்களின் ஜன்னல்களிலிருந்து விழுந்து, ஐந்து மாதத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987-இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு சிகிச்சையால் பிழைத்தன என்றும், ஏழாவது மாடிக்கு மேலிருந்து விழுந்தவற்றுக்குக் காயம் குறைவாகத் தென்பட்டது என்றும் அதில் கண்டதைப் பத்திரிகைகள் கொண்டாடின. விழுந்த இடத்திலேயே இறந்த பூனையை யாரும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்வதில்லை என்ற சாதாரண விஷயம் அந்தக் கொண்டாட்டத்தில் மறந்துபோயிற்று. எங்கள் பக்கத்து வீடுகளின் ஓட்டுக் கூரையிலிருந்து வளவுக் கல்தளத்தில் விழும் பூனையும் எழுந்து ஓடத்தான் ஓடும். மேலண்ணம் பிளந்திருப்பதும், நுரையீரல் கன்றியிருப்பதும், உதரவிதானம் கிழிந்திருப்பதும் மறுநாள்தான் தெரியும். விழுந்த பூனையை ஓர் அறையில் அடைத்து இரண்டு நாள் மூச்சை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். முடிந்தால் அன்றே காட்டிவிட வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய ஓர் ஆபத்தை எந்த வைத்திய நூலும் எழுதியிராது. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ பங்காளிகள் கூடும்போது, ஆண்டில் ஓரிரு முறையே திறக்கும் அறைகள் திறக்கப்படுகின்றன. பூனை உள்ளே போய் மரப்பெட்டிகளுக்கிடையே குட்டித் தூக்கம் போடுகிறது. சாமான்களை எடுத்துவைத்து, பித்தளைப் பூட்டை மாட்டி, சாவியை எடுத்துக்கொண்டு எல்லாரும் இரயிலேறிவிடுகிறார்கள். மதில் அத்தனை தடிப்பாக இருப்பதால் கத்தினாலும் கேட்பதில்லை. பல நாள் கழித்து அகப்படும் அந்தப் பூனைக்கு இரக்கத்தால் ஒரு தட்டு பால்சோறு வைப்பவர் அதைக் கொன்றுவிடக்கூடும். நெடும்பட்டினிக்குப் பிறகு திடீரென மாவுச்சத்து வயிற்றில் இறங்கினால் இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் இழுக்கப்பட்டு இருதயம் தடுமாறும். சிறிது சிறிதாகத் தண்ணீர், வைத்தியர் சொல்லும் அளவில் ஆகாரம் என்பதே முறை. எங்கும் அடைபடாமல், தானாகவே உண்ண மறுக்கும் பூனைக்கும் பட்டினி ஆபத்தே. ஏகாதசி உபவாசம் மனிதருக்கு நல்லதாக இருக்கலாம். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் உண்ணாதிருந்தால் அதன் ஈரலில் கொழுப்பு அடைந்து மஞ்சள் பூத்துவிடும்.

கத்திரி வெயிலில் தகரக் கொட்டகையிலோ சாத்திய காரிலோ அகப்பட்ட பூனை மூச்சிரைத்து எச்சில் ஒழுக்கினால், நிழலில் கிடத்தி, சாதாரணத் தண்ணீரால் நனைத்து, விசிறிக்கொண்டே புறப்பட வேண்டும்; பனிக்கட்டி ஆகாது.

பாம்பைப் பற்றிப் பேசாமல் இந்தப் பக்கத்தில் பூனையைப் பற்றிப் பேசி முடிக்க இயலாது. கொல்லை விறகடுக்கிலிருந்து கட்டுவிரியனைப் பிடித்து இழுத்துவந்து பட்டகசாலையில் போடும் வீரம் பூனைக்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அத்தேசத்துப் பழுப்புப் பாம்பு தீண்டி மாற்று மருந்து பெறாத நாய்களில் நூற்றுக்கு 31-ம், பூனைகளில் 66-ம் பிழைத்தன என்று கண்டு, பூனையின் இரத்தம் அந்த விஷத்தால் நாயினுடையதைவிடத் தாமதமாக உறைவதை ஒரு காரணமாகக் காட்டினார்கள். இதை நம் நல்ல பாம்புக்கும் கண்ணாடி விரியனுக்கும் அப்படியே பொருத்திக்கொண்டு சும்மா இருந்துவிடலாகாது. இந்நாட்டில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்கும் பொதுவான மாற்று மருந்தையே பிராணிகளுக்கும் செலுத்துகிறார்கள். அதற்கு வேண்டிய விஷத்தைச் சேகரிப்பவர்களில் சென்னைக்கருகே வடநெம்மேலியில் 1978-இல் தோன்றிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் முக்கியமானவர்கள். கடிவாயைக் கீறுவதும் கயிற்றால் கட்டுவதும் மனிதனுக்கே வேண்டாம் என்று சொல்லப்பட்ட பின் பூனைக்கு எதற்கு?

குட்டி ஈனும் காலத்தில், ஏறக்குறைய 63-லிருந்து 65 நாளில், பெட்டை தானே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். நாம் எட்டிப் பார்ப்பதே அதற்கு இடைஞ்சல். ஆனால் அரைமணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டாலும், பாதி வந்து நின்றுவிட்டாலும் தாமதிக்கக்கூடாது. நேற்று விளையாடிய குட்டி இன்று வாந்தி எடுத்து, தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு குடிக்காமலே இருந்தால், அது பெரும்பாலும் வெள்ளையணுக்களை அழிக்கும் பார்வோ இனத் தொற்று. தடுப்பூசி இருக்க இதனால் குட்டிகளை இழப்பது கொடுமை. வலிப்பு வந்தால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், வாயில் விரலோ இரும்போ வைக்கலாகாது. ஐந்து நிமிஷம் தாண்டினால் அது பெரிய அபாயம். மூச்சும் இருதயமும் நின்றுபோன பூனைக்கு 2012-இல் வகுத்து 2024-இல் திருத்திய முறை உண்டு: ஒரு கையின் பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே மார்பைப் பற்றி நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவதும், முப்பதுக்கு இரண்டு மூச்சு ஊதுவதும். ஆனால் வெறிநோய்ப் பயம் உள்ள தேசத்தில் அறியாத பூனையின் மூக்கில் வாய் வைக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அந்தப் பயம் வெறும் பயம் அன்று. எச்சில் ஒழுக்கிக்கொண்டு, குரல் மாறி, காரணமின்றிப் பாயும் பூனையின் தொண்டையில் முள் சிக்கியிருக்கிறது என்று விரலை விட்டுப் பார்ப்பது பேராபத்து. கடியோ கீறலோ பட்டால் ஓடும் நீரில் சோப்பால் கால்மணி நேரம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். குன்னூர்ப் பாஸ்டர் நிலையம் 1907-இல் இதற்கென்றே தொடங்கப்பட்டது என்பதை நினைத்தால், நூற்றாண்டுக்குப் பிறகும் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டிருப்பவர்களைக் கண்டு வியப்பே மிஞ்சுகிறது.

எடுத்துச் செல்வதிலும் ஒரு வித்தை உண்டு. மார்ஜார நியாயம் குட்டிக்கே உரியது. வளர்ந்த பூனையைப் பிடரியில் தூக்கினால் வலியும் திகிலும் கூடும். அடிபட்ட பூனையின்மேல் தடித்த துண்டைப் போர்த்தி, துண்டோடு வாரி, மூடியுள்ள பிரப்பங்கூடையிலோ ஓட்டையிட்ட அட்டைப்பெட்டியிலோ வைத்தால் கடியும் வாங்கமாட்டோம், ஆட்டோவிலிருந்து அது தாவி ஓடவும் ஓடாது. முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போவது நல்லது. வைத்தியர் மாட்டுக் கொட்டிலில் இருக்கிறாரா, மூத்திரக் குழாயும் பிராணவாயுவும் அவரிடம் உண்டா என்பது அங்கே போய்த் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் அல்ல. 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தால் கிடைக்கும் நடமாடும் மருத்துவ ஊர்தி கறவைமாட்டை முதலில் கருதி ஏற்பட்டதே ஆயினும், எங்கே போவது என்று கேட்டறிய அதுவும் ஒரு வழி.

எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில், நாள்காட்டிக்குப் பக்கத்தில், ஒரு காகிதம் ஆணியில் தொங்குகிறது. பூனையின் எடை 4 கிலோ 200 கிராம். தூங்கும்போது மூச்சு 22. தடுப்பூசி போட்ட தேதி. காரைக்குடி வைத்தியர் வீட்டில் இருக்கும் நேரம். இரவிலும் வரச் சம்மதித்த ஆட்டோக்காரரின் எண். அதன் அடியில், பென்சிலால், என் மனைவி எழுதியிருக்கிறாள்: "சாயங்காலம் மண் பார்த்தாயிற்று. ஈரம்."